விஎம் எக்ஸிட் ஆனபிறகு ரெஜிஸ்டரில் கிடப்பது யாருடைய சரக்கு?

மே 5, மாலை 6.20 (கேள்வி)

அண்ணா, சந்தேகம் பாதி, எரிச்சல் பாதி. ஒரு மெஷினுக்குள் இன்னொரு மெஷினை ஓட்ட ப்ராசசரே உதவும் இன்டெல் விடி-எக்ஸ் 2005-லேயே வந்துவிட்டது. விஎம்சிஎஸ் என்று 4 கேபி இடம் ஒதுக்கிக் கொடுத்தால் அதில் கெஸ்ட் (உள்ளே ஓடும் மெஷின்) பகுதி தனி, ஹோஸ்ட் (அதைச் சுமக்கும் மெஷின்) பகுதி தனி. உள்ளே போகும்போது (என்ட்ரி) கெஸ்ட் ஸ்டேட்டை ஏற்றுவதும், வெளியே வரும்போது (எக்ஸிட்) ஹோஸ்ட் ஸ்டேட்டை ஏற்றுவதும் ப்ராசசரின் வேலை. அப்படியிருக்க லினக்ஸின் ஹைப்பர்வைசரான (கெஸ்ட்டை ஓட்டும் மென்பொருள்) கேவிஎம் கோடில் எதற்கு இத்தனை இடத்தில் எடுத்து வைப்பதும் திருப்பி வைப்பதும்? பழைய காலத்து பயமா?

நான் சின்னதாக ஒரு ஹைப்பர்வைசரை கர்னல் மாட்யூலாக எழுதியிருக்கிறேன். ப்ராசசரை நம்பித்தான் எழுதினேன். மெஷினை மென்பொருளாலேயே உருவாக்கும் கியூஎமுவுக்குள் வைத்து ஓட்டினால் ஜம்மென்று ஓடுகிறது. ரூமில் இருக்கிற நிஜ மெஷினில் போட்டால் சில நிமிஷம் ஓடி அப்படியே உறைந்துவிடுகிறது. ஸ்கிரீனில் ஒரு வரி கூட வருவதில்லை. மெஷின் செகண்ட் ஹேண்ட், ஹார்டுவேர் கோளாறு என்று நினைக்கிறேன்.

வியாசர்பாடியிலிருந்து ஒருவன்.

மே 5, இரவு 10.45

ஹார்டுவேர் மேல் பழி போடுவது கடைசியில். முதலில் உன் கேள்விக்கு வருகிறேன்.

பாதிதான் சரி தம்பி. ஹோஸ்ட் கர்னல் தரையில் கால் ஊன்றுவதற்கு எது வேண்டுமோ அதை மட்டும்தான் ப்ராசசர் பிரித்துத் தருகிறது. மற்றதெல்லாம் கெஸ்ட் விட்டுப் போனபடியே கிடக்கும்.

விஎம்சிஎஸ்-க்குள் இருப்பவை: ஆர்ஐபி (அடுத்த கட்டளையின் முகவரி), ஆர்எஸ்பி (ஸ்டாக்கின் முகவரி), ஆர்ஃப்ளாக்ஸ், சிஆர்0, சிஆர்3 (பேஜ் டேபிள் முகவரி), சிஆர்4, செக்மென்ட் ரெஜிஸ்டர்கள், ஜிடிடி (செக்மென்ட் அட்டவணை), ஐடிடி (இன்டரப்ட் அட்டவணை) இரண்டின் முகவரிகள், டாஸ்க் ரெஜிஸ்டர், சிஸ்என்டர் எம்எஸ்ஆர்கள் (எம்எஸ்ஆர் என்றால் ப்ராசசரின் அமைப்பு ரெஜிஸ்டர்). கன்ட்ரோல் பிட் போட்டுக் கேட்டால் ஈஃபர், பேட் போன்ற சில எம்எஸ்ஆர்களும் சேரும்.

இல்லாதவை: ஆர்எஸ்பி நீங்கலாக 15 பொது ரெஜிஸ்டர்கள். சிஆர்2 (பேஜ் ஃபால்ட் ஆன முகவரி). டிபக் ரெஜிஸ்டரில் 7-ஐத் தவிர மற்றவை. எஃப்பியு, எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் என்கிற மிதவை எண், வெக்டர் ரெஜிஸ்டர்கள் முழுசும். எக்ஸ்சிஆர்0. ஸ்டார், எல்ஸ்டார், கர்னல் ஜிஎஸ் பேஸ் என்கிற சிஸ்கால் கூட்டம். இந்த எம்எஸ்ஆர்களைத் தனி லிஸ்ட்டில் எழுதிக் கொடுத்தால் ப்ராசசர் ஏற்றும். எழுதாவிட்டால் தொடாது.

ஆக, அது பழைய காலத்து பயம் இல்லை. அந்த கோடு இல்லையென்றால் கெஸ்ட்டின் ஆர்பிஎக்ஸை வைத்துக்கொண்டு ஹோஸ்ட் கர்னல் ஓடும்.

மே 5, இரவு 11.10

மேலே எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போய் வந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் தண்டையார்பேட்டை டிரான்ஸ்பார்மருக்கும் வேர்க்கிறது போல.

கேட்க மறந்தது: கியூஎமுவில் எத்தனை சிபியு கொடுத்தாய்? நிஜ மெஷினில் எத்தனை கோர்?

மே 6, காலை 7.30

பதில் வருவதற்குள், எக்ஸிட்டின் முதல் சில கட்டளைகளைக் கிட்டத்தில் பார்த்துவிடலாம். எனக்குப் பிடித்த இடம் அது.

எக்ஸிட் ஆனதும், விஎம்சிஎஸ்-ன் ஹோஸ்ட் ஆர்ஐபி காட்டும் வரிக்கு ஓட்டம் வருகிறது. அந்தக் கணத்தில் 16 பொது ரெஜிஸ்டரில் நமக்குச் சொந்தமானது ஆர்எஸ்பி மட்டும். கெஸ்ட்டின் மதிப்புகளை நினைவகத்தில் எழுதி வைக்க வேண்டும். எங்கே என்று தெரிய ஒரு முகவரி வேண்டும். அந்த முகவரியை வைக்க ஒரு ரெஜிஸ்டர் வேண்டும். ஆனால் எல்லா ரெஜிஸ்டரிலும் கெஸ்ட் உட்கார்ந்திருக்கிறது.

கேவிஎம் இதற்கு, உள்ளே போகும் முன்பே அந்த முகவரியை ஸ்டாக்கில் தள்ளி வைத்துவிடுகிறது. வெளியே வந்ததும் முதல் வேலை ஆர்ஏஎக்ஸை ஸ்டாக்கில் தள்ளுவது. இப்போது அதற்கு 8 பைட் மேலே முகவரி இருக்கிறது, அதை ஆர்ஏஎக்ஸில் எடுக்கிறது. ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்பிஎக்ஸ் என்று வரிசையாக அந்த முகவரிக்கு எழுதுகிறது. கடைசியாக, ஸ்டாக்கில் காத்திருக்கும் கெஸ்ட்டின் ஆர்ஏஎக்ஸை இன்னொரு ரெஜிஸ்டர் வழியாகக் கொண்டுபோகாமல் நேராக நினைவகத்துக்கே பாப் செய்கிறது. ஒரு ரெஜிஸ்டர் கூட வீணாகாது, ஒரு மதிப்பு கூடத் தொலையாது. அதை எழுதிய ஆளுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம்.

அப்புறம் இன்னொன்று செய்கிறது. எடுத்து வைத்து முடித்த ரெஜிஸ்டர்களை எக்ஸ்ஆர் போட்டு பூஜ்யமாக்குகிறது. சரியாக எழுதிய சி கோடு அந்தப் பழைய மதிப்புகளைப் படிக்கவே படிக்காது, பிறகு ஏன் துடைக்க வேண்டும் என்று தோன்றும். அதற்கு 2018 கதைக்குப் போக வேண்டும். பிறகு.

மே 6, மதியம்

அவன் பதில்: கியூஎமுவில் ஒரே ஒரு சிபியு. நிஜ மெஷினில் நான்கு கோர், நான்காம் தலைமுறை ஐ5. கோடையும் அனுப்பியிருக்கிறான்.

ஒரு சிபியுவில் ஓடும், நான்கில் உறையும் என்றாலே எங்கே தேடுவது என்று பாதி தெரிந்துவிட்டது. ஆபீஸ் வேலை முடித்துவிட்டுப் பார்க்கிறேன்.

மே 6, இரவு 9.50

பார்த்தேன். விஎம்சிஎஸ்-ன் ஹோஸ்ட் பகுதி முழுவதையும் டிவைஸ் ஃபைலை ஓபன் செய்யும் நேரத்தில் ஒரே ஒரு முறை எழுதுகிறாய். த்ரெட் வேறு கோருக்கு மாறினால் பழைய கோரில் விஎம்கிளியர் (விஎம்சிஎஸ்-ஐ விடுவிப்பது), புதிய கோரில் விஎம்பிடிஆர்எல்டி (அதை ஏற்றுவது) செய்து, விஎம்லாஞ்ச் (கெஸ்ட்டுக்குள் போவது) போடுகிறாய். அது சரி, அதை நிறைய பேர் விட்டுவிடுவார்கள். ஆனால் உள்ளே இருக்கும் மதிப்புகளைத் தொடவில்லை.

64 பிட் லினக்ஸில் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனியாக ஒரு தரவுப் பகுதி உண்டு. அதற்குப் போகும் வழி, ஜிஎஸ் செக்மென்ட்டின் தொடக்க முகவரியான ஜிஎஸ் பேஸ். இப்போது ஓடும் டாஸ்க் எது, நான் எத்தனையாவது சிபியு, ப்ரீஎம்ப்ட் எண்ணிக்கை என்ன, எல்லாம் அதன் வழியாகத்தான். உன் விஎம்சிஎஸ்-ல் இருப்பது ஓபன் நேரத்தில் இருந்த கோரின் ஜிஎஸ் பேஸ். அது 0 என்று வை. ஷெட்யூலர் உன் த்ரெட்டை 3-க்கு நகர்த்துகிறது. அடுத்த எக்ஸிட்டில் ப்ராசசர் நீ சொன்னபடியே 0-வின் ஜிஎஸ் பேஸை 3-ல் ஏற்றுகிறது. அந்த நொடியிலிருந்து 3-வது கோர் தன்னை 0 என்று நம்புகிறது. 0-வில் ஓடும் டாஸ்க்கைத் தன் டாஸ்க் என்கிறது. இரண்டு கோரும் ஒரே ரன் க்யூவில் கை வைத்தால் உறையாமல் என்ன செய்யும்? யார் மெசேஜ் அச்சடிப்பது?

ஹோஸ்ட் பகுதி தப்பாக இருந்தால் ப்ராசசர் என்ட்ரியிலேயே மறுத்திருக்குமே என்று கேட்பாய். மறுக்கும், எரர் 8 தரும். ஆனால் அது பார்ப்பது வடிவத்தை மட்டும்: கோடு செக்மென்ட் செலக்டர் பூஜ்யமா, டாஸ்க் ரெஜிஸ்டர் செலக்டர் பூஜ்யமா, முகவரி கனானிக்கல் வடிவில் (64 பிட்டில் ஏற்கத்தக்கதாக) இருக்கிறதா. 0-வின் ஜிஎஸ் பேஸ் வடிவத்தில் அப்பழுக்கில்லாதது. பக்கத்து கோருடையது என்று அதற்கு எப்படித் தெரியும்?

சிஆர்3-ஐ மாட்யூலை ஏற்றும் இன்ஸ்மாட் நேரத்தில் எடுக்காமல் ஓபன் நேரத்தில் எடுத்ததால் பிழைத்தாய். இன்ஸ்மாட் ப்ராசஸ் முடிந்ததும் அதன் பேஜ் டேபிளும் போய்விடும். முதல் எக்ஸிட்டிலேயே மெஷின் ரீபூட் ஆகியிருக்கும்.

சோதனை: டாஸ்க்செட் போட்டு ஒரே கோரில் கட்டிவிட்டு ஓட்டு. உறையவில்லை என்றால் இதுதான்.

மே 7, காலை

கேவிஎம் இதை எங்கே செய்கிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். விசிபியுவை (கெஸ்ட்டின் சிபியு) ஒரு கோரில் ஏற்றும் கட்டத்தில், கோர் மாறியிருந்தால் மட்டும் டாஸ்க் ரெஜிஸ்டர் பேஸையும் ஜிடிடி பேஸையும் புதிதாக எழுதுகிறது, ஏனென்றால் லினக்ஸில் டிஎஸ்எஸ் (டாஸ்க் ரெஜிஸ்டர் காட்டும் பகுதி), ஜிடிடி இரண்டும் கோருக்கு ஒன்று. எஃப்எஸ், ஜிஎஸ் இரண்டையும் கெஸ்ட்டுக்குள் போவதற்குத் தயாராகும்போது எழுதுகிறது. எஃப்எஸ் பேஸ் த்ரெட்டுக்கு த்ரெட் மாறும், ஜிஎஸ் பேஸ் கோருக்குக் கோர் மாறும். ஐடிடி எல்லா கோருக்கும் பொது, ஒரு முறை எழுதினால் போதும்.

பார், "ஹோஸ்ட் ஸ்டேட்" என்று ஒரே பெயர், உள்ளே நான்கு வகை ஆயுள். மெஷினுக்கு ஒன்று, கோருக்கு ஒன்று, த்ரெட்டுக்கு ஒன்று, ப்ராசஸுக்கு ஒன்று. விஎம்சிஎஸ் இவற்றை ஒரே பகுதியில் அடுக்கி வைத்திருப்பதால் எல்லாம் ஒரே இனம் மாதிரி தெரிகிறது.

மே 8, இரவு

யாரிடமிருந்தும் சத்தம் இல்லை, அதனால் நானே உன் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன்.

கேவிஎம் எல்லாவற்றையும் ஒவ்வொரு எக்ஸிட்டிலும் திருப்பி வைக்கிறது என்று நினைத்தால் அதுவும் இல்லை. எதை எவ்வளவு நேரம் தள்ளிப்போடலாம் என்பதில்தான் அதன் சாமர்த்தியம் முழுவதும். மூலக்கடை ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஷிஃப்ட் மாறுவதைப் பார்த்திருப்பாய். ஏறி உட்காரும் டிரைவர் பிரேக்கை மட்டும் மிதித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பார். கண்ணாடியை அடுத்த சிக்னலில் திருப்பிக்கொள்வார்.

எல்ஸ்டார் அப்படிப்பட்ட கண்ணாடி. சிஸ்கால் கட்டளை வந்தால் கர்னலில் எங்கே குதிப்பது என்று சொல்லும் எம்எஸ்ஆர் அது. கர்னல் தனக்குள் சிஸ்கால் போடுவதில்லை. அதனால் எக்ஸிட்டுக்குப் பிறகும் அதில் கெஸ்ட்டின் மதிப்பே கிடக்கலாம், கர்னலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. யூசர் ஸ்பேஸுக்குத் திரும்பும் வாசலில் ஹோஸ்ட் மதிப்பைப் போட்டால் போதும். கேவிஎம் அந்த வாசலில் ஒரு ஆளை நிறுத்தி வைத்திருக்கிறது. எக்ஸிட் ஆகி, கர்னலிலேயே வேலை முடிந்து, மறுபடி கெஸ்ட்டுக்குள் போய்விட்டால் ஒரு எம்எஸ்ஆர் எழுத்து கூட நடக்காது.

எஃப்பியுவும் அதே கணக்கு. சாதாரண கர்னல் கோடு மிதவை ரெஜிஸ்டர்களைத் தொடாது. ஏவிஎக்ஸ்-512 இருந்தால் இசட்எம்எம் ரெஜிஸ்டர்கள் மட்டும் 32, ஒவ்வொன்றும் 64 பைட், மொத்தம் 2 கேபி. ஏஎம்எக்ஸ் டைல் சேர்ந்தால் இன்னும் 8 கேபி. இதை ஒவ்வொரு எக்ஸிட்டிலும் தூக்கிச் சுமந்தால் எப்படி? கெஸ்ட்டை ஓட்டு என்று கியூஎமு கேவிஎம்-ஐக் கேட்கும் ரன் ஐஆக்டல் தொடங்கும்போது கெஸ்ட்டுடையதை ஏற்றி, அது முடிந்து கியூஎமுவுக்குத் திரும்பும்போதுதான் இறக்குகிறது. நடுவில் ஷெட்யூலர் வேறு த்ரெட்டுக்கு மாறினால் வழக்கமான எஃப்பியு சேமிப்பு பார்த்துக்கொள்ளும்.

சிஆர்2-வை எழுதும் முன் ஒப்பிட்டுப் பார்க்கும், ஏற்கெனவே அதே மதிப்பு இருந்தால் எழுதாது.

இதில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒன்று உண்டு. எக்ஸிட் ஆகும்போது இன்டெல் ப்ராசசர் டாஸ்க் ரெஜிஸ்டரின் லிமிட்டை 103 ஆக்கிவிடும். ஜிடிடி, ஐடிடி லிமிட்டுகளை 65535 ஆக்கிவிடும். உன் மதிப்பு என்ன என்று கேட்காது, மாற்றவும் வழி கிடையாது. லினக்ஸில் டிஎஸ்எஸ்-க்குப் பின்னால் ஐஓ பிட்மேப் இருக்கிறது, 103-ஐத் தாண்டி. முன்பெல்லாம் கேவிஎம் ஒவ்வொரு முறையும் எல்டிஆர் கட்டளையால் சரிசெய்யும். எல்டிஆர் மந்தமான கட்டளை, பைப்லைனையே நிறுத்தி வைக்கும். 2017-ல்தான் ஒருவர் உட்கார்ந்து யோசித்தார்: குறைந்த லிமிட்டால் யாருக்கு நஷ்டம்? ஐஓ போர்ட்டை நேரே தொட அனுமதி வாங்கும் ஐஓபெர்ம் பயன்படுத்தும் ப்ராசஸுக்கு மட்டும். அப்படி ஒரு ப்ராசஸ் ஓட வரும்போது சரிசெய்தால் போதும் என்று ஒரு கொடியைப் போட்டுவிட்டு எல்டிஆரை எடுத்துவிட்டார்கள்.

மே 9, காலை

மேலே எழுதியதைப் படித்தால் "தள்ளிப்போடுவதுதான் புத்திசாலித்தனம்" என்று தொனிக்கிறது. 2018-க்கு முன்னால் என்றால் அப்படியே விட்டிருப்பேன்.

அந்த ஜனவரியில், ப்ராசசர் ஊகத்தில் முன்னால் ஓடுவதைச் சுரண்டும் ஸ்பெக்டர் ஓட்டை வெளியே வந்தது. ஜூனில் லேசி எஃப்பி. முன்பு எஃப்பியுவை இன்னும் சோம்பேறித்தனமாக மாற்றும் வழக்கம் இருந்தது: சிஆர்0-வில் டிஎஸ் பிட்டைப் போட்டுவிட்டு, பழைய ஆளின் எஃப்பியு மதிப்புகளை ரெஜிஸ்டரிலேயே விட்டுவிடுவார்கள். புதிய ஆள் தொட்டால் ஃபால்ட் வரும், அப்போது மாற்றிக்கொள்ளலாம். ஆவணப்படி இதில் ஓட்டை இல்லை. ஆனால் அந்த ஃபால்ட் வந்து சேர்வதற்குள் ப்ராசசர் ஊகத்தில் நாலு அடி முன்னால் ஓடி, பழைய மதிப்பைப் படித்து, கேஷில் தடம் விட்டுவிடும். ஆகஸ்டில் எல்1டிஎஃப் என்கிற அடுத்த ஓட்டை வந்தது. அதற்கு விஎம் என்ட்ரிக்கு முன் எல்1 டேட்டா கேஷையே கழுவ வேண்டியிருந்தது. கேஷ் ஹோஸ்ட் ஸ்டேட்டா கெஸ்ட் ஸ்டேட்டா என்று அதுவரை யாராவது கேட்டிருப்போமா?

பூஜ்யமாக்கும் அந்த எக்ஸ்ஆர் வரிகளும் இதற்குத்தான். ஹோஸ்ட் கோடு ஊகத்தில் தப்பான பாதையில் நாலு அடி வைத்தாலும், ரெஜிஸ்டரில் கெஸ்ட் விட்டுப்போன எண் இல்லாமல் இருக்கட்டும் என்று.

தள்ளிப்போடவே முடியாத பட்டியலுக்கு, ஊக ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பெக் கன்ட்ரோல் எம்எஸ்ஆரைச் சேர்த்துக்கொள். கெஸ்ட்டின் மதிப்பைப் படித்து வைத்துவிட்டு ஹோஸ்ட் மதிப்பை எழுதி, ரெட் எங்கே திரும்பும் என்று ஊகிக்கும் ரிட்டர்ன் ஸ்டாக் பஃபரை நிரப்பி, எல்லாம் கால்-ரெட் ஜோடி தப்பும் முதல் ரெட் கட்டளைக்கு முன்னால் முடிய வேண்டும். அதனால்தான் அது சி கோடில் இல்லாமல் அசெம்பிளியில் இருக்கிறது. சி ஃபங்ஷனுக்குத் திரும்புவதே ஒரு ரெட்தானே.

மே 9, மாலை

"இன்டெல் எல்லாவற்றையும் தானே சேமித்திருந்தால் இந்தத் தலைவலி ஏது?" என்று ஒருவர். நல்ல கேள்வி, ஆனால் விலையைப் பார்க்க வேண்டும். நீ தொடாத ரெஜிஸ்டருக்கும் ஒவ்வொரு எக்ஸிட்டிலும் நேரம் போகும். பொது ரெஜிஸ்டரைச் சாதாரண மூவ் கட்டளையே எழுதிவிடும், அதற்கு ப்ராசசரின் தயவு தேவையில்லை. மென்பொருளால் பத்திரமாக மாற்றவே முடியாதவற்றை, ஒரே மூச்சில் மாற வேண்டியவற்றை, ப்ராசசர் எடுத்துக்கொண்டது. ஆர்ஐபியை மாற்றிய பிறகு சிஆர்3-ஐ மாற்றுகிறேன் என்று சொல்ல முடியுமா?

விடி-எக்ஸ் வருவதற்கு முன் எக்ஸ்86-ல் நிலைமை இன்னும் மோசம். 1974-ல் போபெக், கோல்ட்பெர்க் இருவரும் ஒரு நிபந்தனை சொன்னார்கள்: மெஷினின் ஸ்டேட்டைத் தொடும் கட்டளை எல்லாம் யூசர் மோடில் ட்ராப் ஆக (ஹைப்பர்வைசரிடம் பிடிபட) வேண்டும். பென்டியத்தில் 17 கட்டளைகள் அப்படி ஆகவில்லை. பாப்எஃப் இன்டரப்ட் பிட்டை மாற்றச் சொன்னால் கமுக்கமாக மாற்றாமல் விட்டுவிடும். எஸ்ஐடிடி ஹோஸ்ட்டின் ஐடிடி முகவரியை கெஸ்ட்டுக்கே எடுத்துக் காட்டிவிடும். விஎம்வேர் அதனால்தான் கெஸ்ட் கர்னலின் கோடையே ஓடும்போது மாற்றி எழுதியது. கேவிஎம்-க்கு அந்தக் கஷ்டம் இல்லை. 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20-ல் அது சேரும்போது விடி-எக்ஸும், ஏஎம்டியின் அதே மாதிரி வசதியான ஏஎம்டி-வியும் கடைக்கு வந்திருந்தன.

ஏஆர்எம் வேறு வழி. ஹைப்பர்வைசருக்கு ஈஎல்2 என்று தனி மாடி, கெஸ்ட் கர்னலுக்கு ஈஎல்1. ரெஜிஸ்டர்களே இரண்டு செட். ஆனால் லினக்ஸ் ஈஎல்1-ல் ஓடப் பழகியது. ஆகவே ஆரம்பத்தில் ஹோஸ்ட் கர்னலும் ஈஎல்1-லேயே இருந்தது, ஒவ்வொரு முறையும் ஈஎல்1 செட் முழுவதையும் மாற்ற வேண்டும். ஏஆர்எம்வி8.1-ல் விஎச்இ வந்தபிறகு ஹோஸ்ட் கர்னலை ஈஎல்2-க்கே குடியேற்றி, அது ஈஎல்1 ரெஜிஸ்டர் பெயரைச் சொன்னாலும் ஈஎல்2-வுக்குத் திருப்பிவிட ஏற்பாடு செய்தார்கள். கெஸ்ட்டுடையது ஈஎல்1-ல் அப்படியே தூங்கும்.

ரிஸ்க்-ஃபைவ் எனக்கு இன்னும் பிடிக்கும். கெஸ்ட் எஸ்ஸ்டேட்டஸ் என்று கேட்டால் ஹார்டுவேர் தானாகவே விஎஸ்ஸ்டேட்டஸைத் தரும். தான் கெஸ்ட் என்று தெரியாமலே அது வேறு ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருக்கும். ஐஐடி மெட்ராஸில் செய்யும் சக்தி ப்ராசசரும் ரிஸ்க்-ஃபைவ்தான். வடசென்னையில் உட்கார்ந்து அசெம்பிளி படிப்பவர்களுக்கு பஸ் தூரம்.

தலைப்பை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

மே 10, இரவு

வியாசர்பாடி தம்பி வந்துவிட்டான். டாஸ்க்செட் போட்டு ஓட்டியதில் உறையவில்லையாம். டாஸ்க்செட்டை எடுத்தால் பழையபடி உறைகிறது. ஆக ஜிஎஸ் பேஸ் உறுதி. கோர் மாறும்போதெல்லாம் ஜிஎஸ், டாஸ்க் ரெஜிஸ்டர், ஜிடிடி மூன்றையும் எழுதச் சொன்னேன். எழுதுவதும் உள்ளே போவதும் இன்டரப்ட் நிறுத்திய ஒரே பகுதிக்குள் இருக்க வேண்டும். எழுதிவிட்டு, போவதற்கு முன் ஷெட்யூலர் நகர்த்திவிட்டால் எழுதியது வீண்.

கூடவே ஒரு யோசனை: ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு யுஎஸ்பி சீரியல் கேபிளும், இரண்டு மெஷினை நேரே இணைக்கும் நல்மோடம் கேபிளும் வாங்கிவிடு. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்கிற தூரம். உன் பழைய மெஷினில் சீரியல் போர்ட் இருக்கிறது, அதுதான் பழைய மெஷின் வாங்கியதன் பெரிய லாபம். ஸ்கிரீன் உறைந்தாலும் கர்னலின் கடைசி வார்த்தை சீரியலில் வெளியே வந்துவிடும்.

மே 12, மதியம்

உறைவது நின்றது. இப்போது வேறு வியாதி. சில மணி நேரம் ஓடிய பிறகு சம்பந்தமே இல்லாத ப்ராசஸ் செக்ஃபால்ட் ஆகிறதாம் (தப்பான முகவரியைத் தொட்டுச் சாவது). ஒரு முறை பாஷ், ஒரு முறை எஸ்எஸ்எச். மெமரி ஸ்டிக் கெட்டுவிட்டதோ என்று கேட்கிறான். ஹார்டுவேர் மேல் இந்தப் பையனுக்கு என்ன கோபமோ.

மே 12, இரவு

மே 6 குறிப்பில் சிஆர்3 விஷயத்தில் பிழைத்தாய் என்று எழுதினேன். முழுசாகப் பிழைக்கவில்லை.

சிஆர்3 என்பது பேஜ் டேபிள் முகவரி மட்டும் இல்லை. கீழ் 12 பிட்டில் பிசிஐடி என்கிற எண் இருக்கிறது. டிஎல்பி (முகவரி மொழிபெயர்ப்புகளை வைத்திருக்கும் கேஷ்) பதிவுகள் எந்த ப்ராசஸுடையவை என்று பிரிக்கும் முத்திரை. லினக்ஸ் 4.14-லிருந்து அதைப் பயன்படுத்துகிறது, ஆனால் ப்ராசஸுக்கு ஒரு நிரந்தர எண் தருவதில்லை. ஒவ்வொரு கோரிலும் 6 எண்களைச் சுழற்சியில் விடுகிறது. இந்த கோரில் உன் ப்ராசஸ் 2 என்றால் அடுத்த கோரில் 5 ஆக இருக்கலாம். இதே கோரில் கூட, இடையில் நிறைய ப்ராசஸ்கள் ஓடிவிட்டால் எண் மாறியிருக்கும்.

நீ ஓபன் நேரத்து சிஆர்3-ஐ, பழைய எண்ணோடு, விஎம்சிஎஸ்-ல் வைத்திருக்கிறாய். எக்ஸிட் ஆனதும் பேஜ் டேபிள் உன்னுடையது, முத்திரை பாஷுடையது. நீ தொடும் ஒவ்வொரு பக்கமும் பாஷின் முத்திரையோடு டிஎல்பியில் ஏறும். பிறகு அதே கோரில் பாஷ் ஓட வருகிறது. என் எண் என்னிடம்தானே இருக்கிறது, கழுவ வேண்டாம் என்று கர்னல் நம்புகிறது. பாஷ் தன் முகவரியைக் கேட்டால் உன் பக்கம் வந்து நிற்கிறது. பாஷ் செத்தது ஆச்சரியம் இல்லை, இவ்வளவு நேரம் தாங்கியதுதான் ஆச்சரியம்.

உறுதி செய்ய, கர்னல் கமாண்ட் லைனில் நோபிசிஐடி போட்டு ஓட்டு. சரிசெய்ய, ஒவ்வொரு என்ட்ரிக்கு முன்பும், இன்டரப்ட் நிறுத்திய பிறகு, இப்போதைய சிஆர்3-ஐ விஎம்சிஎஸ்-ல் இருப்பதோடு ஒப்பிடு. வேறாக இருந்தால் எழுது. சிஆர்4-க்கும் அதையே செய். கேவிஎம் இரண்டையும் இப்படித்தான் செய்கிறது.

மே 14

நோபிசிஐடி போட்டதும் செக்ஃபால்ட் நின்றுவிட்டது. பிறகு அதை எடுத்துவிட்டு, ஒப்பிட்டு எழுதும் கோடைச் சேர்த்தும் ஓட்டிப் பார்த்தான். ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. மெமரி ஸ்டிக் நிரபராதி.

"அப்படியென்றால் கியூஎமுவுக்குள் சோதிப்பதே வேஸ்டா?" என்று கேட்கிறான். இல்லை. 4.20-லிருந்து இன்டெல் கேவிஎம்-ல் நெஸ்டிங் (கெஸ்ட்டுக்குள் கெஸ்ட்) தானாகவே ஆன் ஆகியிருக்கும், அதை விட வசதியான சோதனைக் கூடம் கிடையாது. நான்கு சிபியு கொடு, த்ரெட்டை வேண்டுமென்றே கோருக்குக் கோர் துரத்து, அவ்வளவுதான். அங்கே ஒரு வேடிக்கை: நீ விஎம்சிஎஸ்-ல் "ஹோஸ்ட்" என்று எழுதும் பகுதியை அடியில் இருக்கும் நிஜ கேவிஎம் படித்து, தன் சொந்த விஎம்சிஎஸ்-ன் கெஸ்ட் பகுதியில்தான் ஏற்றுகிறது. அதன் பார்வையில் உன் ஹோஸ்ட்டும் ஒரு கெஸ்ட்தானே.

மே 15, காலை

இதே கோடை ஏஎம்டி மெஷினுக்கு மாற்றிய இன்னொருவர் நேற்று இரவு அனுப்பிய கோடைப் பார்த்தேன். சுருக்கமாக:

விஎம்சிஎஸ்-க்கு இணையாக ஏஎம்டியில் இருக்கும் விஎம்சிபியில் ஆர்ஏஎக்ஸும் சிஆர்2-வும் உள்ளேயே இருக்கின்றன, அவற்றைத் தனியாக எடுத்து வைக்கும் வரிகளைத் தூக்கிவிடலாம். மற்ற 14 பொது ரெஜிஸ்டரும் நம் பொறுப்புதான். எஃப்எஸ், ஜிஎஸ், டாஸ்க் ரெஜிஸ்டர், எல்ஸ்டார் கூட்டம் எதையும், கெஸ்ட்டுக்குள் போகும் விஎம்ரன் கட்டளை தானாக மாற்றாது, விஎம்சேவ், விஎம்லோட் இரண்டும் போட வேண்டும். அதாவது எக்ஸிட் ஆகி வெளியே வந்த பிறகும் ஜிஎஸ் பேஸ் கெஸ்ட்டுடையதே. அந்த இடைவெளியில் என்எம்ஐ (சாதாரணமாகத் தடுக்க முடியாத இன்டரப்ட்) வந்தால் கதை முடிந்தது. வராமல் தடுப்பது குளோபல் இன்டரப்ட் கொடி, எஸ்டிஜிஐ போடும் வரை அது இறங்கியே இருக்கும். உங்கள் கோடில் எஸ்டிஜிஐ முதலில், விஎம்லோட் அடுத்த வரியில். இரண்டையும் இடம் மாற்றுங்கள், பெர்ஃப் (என்எம்ஐ எழுப்பும் அளவீட்டுக் கருவி) ஓட்டும்போது மட்டும் சாகிறது என்ற புகாரும் அதோடு போய்விடும்.